பிசிசியில் வந்த மடலை இன்பாக்ஸ் தானாக அடையாளம் காட்டுமா?

வணக்கம். நீங்கள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறீர்கள். உங்கள் மேலாளர் சப்ளையர்களுக்கு எழுதும் மடல்களில் உங்களையும் பிசிசியில், அதாவது மற்றப் பெறுநர்களுக்குத் தெரியாத மறைநகல் வரியில், போட்டுவிடுகிறார். அதைக் கவனிக்காமல் அண்மையில் 'அனைவருக்கும் பதில்' அழுத்தப் பார்த்து, நல்லவேளையாகக் கடைசி நொடியில் கையை எடுத்துவிட்டீர்கள். இனி அப்படிப்பட்ட மடல்கள் வந்தவுடனே தனி நிறத்தில் தெரிய வேண்டும், அதற்கு அலுவலக அவுட்லுக்கிலும் வீட்டு ஜிமெயிலிலும் எப்படி விதி அமைப்பது, அவுட்லுக்கின் நிபந்தனைப் பட்டியலில் 'பிசிசி' என்ற சொல்லே ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விகளுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: நீங்கள் மறைவாகச் சேர்க்கப்பட்டவர் என்பது உங்கள் அஞ்சல் பெட்டிக்காவது தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. பெட்டியால் செய்யக்கூடியது ஊகம் மட்டுமே. அந்த ஊகம் எங்கே சரியாக வரும், எங்கே சறுக்கும் என்பதைப் புரிந்துகொண்டால் விதி அமைப்பது சில நிமிட வேலை. கோலாலம்பூரில் சிறிய, நடுத்தர நிறுவனங்களின் மின்னஞ்சல் சர்வர்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரு மடலுக்கு இரண்டு முகவரிப் பட்டியல்கள் உண்டு. ஒன்று, நாம் திரையில் பார்க்கும் 'டூ', 'சிசி' வரிகள்; இவை மடலுக்குள்ளேயே, ஹெடர் எனப்படும் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருப்பவை. மற்றொன்று, அனுப்பும் சர்வர் பெறும் சர்வரிடம் 'இதை இன்னின்னாரிடம் சேர்த்துவிடு' என்று தனியாகச் சொல்லும் பட்டியல். துறையில் இதை உறை என்பார்கள். மடல் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது உறைதான். உள்ளே 'டூ' வரியில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்து எந்தச் சர்வரும் மடலைப் பட்டுவாடா செய்வதில்லை. 1982-இல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 821, 822 என இரண்டு தனி ஆவணங்களாக மின்னஞ்சல் விதிகள் எழுதப்பட்டபோதே இந்தப் பிரிவினை இருந்தது. 2008-இல் வந்த 5321, 5322 ஆகியவையும் அதையே பின்பற்றுகின்றன. உங்கள் மேலாளர் உங்களைப் பிசிசியில் போடும்போது உங்கள் முகவரி உறையில் ஏறுகிறது, தலைப்பகுதியில் ஏறுவதில்லை. மடல் பெட்டிக்குள் விழுந்ததும் உறையின் வேலை முடிந்துவிடுகிறது. பல சர்வர்கள் அதில் இருந்த முகவரியை மடலுக்குள் எங்கும் குறித்து வைப்பதுகூட இல்லை.

இதில் ஒரு சின்னச் சிக்கலும் உண்டு. ஆர்எஃப்சி 5322 பிசிசியைக் கையாள மூன்று வழிகளை ஏற்றுக்கொள்கிறது. பிசிசி வரியை முழுவதுமாக நீக்கிவிட்டு எல்லாருக்கும் ஒரே பிரதியை அனுப்புவது முதல் வழி. மறைவாகப் பெறுபவருக்கு மட்டும் அந்த வரி உள்ள தனிப் பிரதியை அனுப்புவது இரண்டாவது. யாரோ மறைவாகப் பெற்றிருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும்படி வெற்றுப் பிசிசி வரியை விட்டுவைப்பது மூன்றாவது. இவற்றில் எது நடக்கும் என்பது அனுப்புகிறவரின் மென்பொருளைப் பொறுத்தது. பெறுகிற உங்கள் கையில் அது இல்லை. ஆகவே 'பிசிசி வரியில் என் முகவரி இருந்தால் குறி போடு' என்று ஒரு விதியை எழுதினால், சிலர் அனுப்பியதில் அது வேலை செய்யும், வேறு சிலர் அனுப்பியதில் வாயைத் திறக்காது. அவுட்லுக் அந்த நிபந்தனையைப் பட்டியலிலேயே வைக்காததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எனவே விதியைத் தலைகீழாக எழுத வேண்டும்: மடல் என் பெட்டிக்கு வந்திருக்கிறது, ஆனால் 'டூ'விலும் என் முகவரி இல்லை, 'சிசி'யிலும் இல்லை, அப்படியானால் குறி போடு. இதில் உறுதியானது முகவரி அங்கே இல்லை என்ற செய்தி மட்டும். அது ஏன் இல்லை என்பது எப்போதும் ஐயத்துக்குரியது. பிசிசியாக இருக்கலாம், குழு முகவரிக்கு வந்ததாக இருக்கலாம், பழைய முகவரியிலிருந்து தானாகத் திருப்பிவிடப்பட்டதாக இருக்கலாம், வெறும் குப்பை மடலாகவும் இருக்கலாம். இதனால்தான் இந்த விதிக்கு நான் வைக்கும் குறிச்சொல்லில் எப்போதும் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்து 'மறைநகல்?' என்று எழுதச் சொல்வேன். திரையைப் பார்க்கிறவருக்கு அது தீர்ப்பல்ல, சந்தேகம் என்பது நினைவில் நிற்கும்.

இனி அவுட்லுக். கணினியில் நிறுவப்பட்ட பழைய வகை அவுட்லுக்காக இருந்தால், முகப்புப் பட்டையில் விதிகள் என்ற பொத்தானுக்குள் போய், விதிகளை நிர்வகிக்கும் சாளரத்தைத் திறந்து, வரும் மடல்களுக்கான வெற்று விதி ஒன்றைத் தொடங்குங்கள். நிபந்தனையாக 'என் பெயர் டூ பெட்டியில் இல்லாதபோது' என்ற பொருளில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். செயலாக ஒரு வண்ண வகையை, அதாவது கேட்டகரியை, ஒட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு வரும் விலக்குகள் பக்கம்தான் முக்கியமானது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். 'என் பெயர் டூ அல்லது சிசி பெட்டியில் இருந்தால் தவிர' என்ற விலக்கை அங்கே கட்டாயம் டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சிசியில் வரும் மடல்களுக்கெல்லாம் சிவப்பு ஏறி, மதியத்துக்குள் அந்த நிறத்துக்கே மதிப்பில்லாமல் போய்விடும். புதிய அவுட்லுக்கிலும் உலாவியில் திறக்கும் அவுட்லுக்கிலும் அமைப்புகளுக்குள் மெயில், அதற்குள் ரூல்ஸ் என்று போனால் இதே நிபந்தனைகளும் விலக்குகளும் கொஞ்சம் மாறிய சொற்களில் கிடைக்கும். பட்டன்களின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் சொல்லுக்குச் சொல் தேடாமல் பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

'என் பெயர்' என்று அவுட்லுக் சொல்வது எதை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. எக்ஸ்சேஞ்ச் எனப்படும் மைக்ரோசாஃப்ட் அலுவலக மின்னஞ்சல் சர்வரில் உள்ள கணக்கு என்றால், ஒவ்வொரு மடலும் உள்ளே வரும்போதே 'பெட்டியின் உரிமையாளர் டூவில் நேரடியாகக் குறிப்பிடப்பட்டாரா', 'சிசியில் குறிப்பிடப்பட்டாரா' என்ற இரண்டு குறிப்புகள் ஆம்-இல்லை வடிவில் மடலோடு சேர்த்து வைக்கப்படுகின்றன. விதி பார்ப்பது இந்தக் குறிப்புகளைத்தான். 'நேரடியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள்: குழு முகவரி ஒன்றின் உறுப்பினராக நீங்கள் பெற்ற மடல் அதில் அடங்காது. நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் பெட்டிக்கு இரண்டு மூன்று மாற்று முகவரிகள் இருந்தாலும் எக்ஸ்சேஞ்ச் அவற்றை ஒரே ஆளாகவே எண்ணும். அதே அவுட்லுக்கில் ஐமேப் என்ற பொதுவான மடல் இணைப்பு முறை வழியாக வேறொரு கணக்கையும் சேர்த்திருந்தால் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது; அங்கே முகவரிகளை நீங்களே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

விதியை வைக்காமல் நிறத்தை மட்டும் மாற்றவும் ஒரு வழி இருக்கிறது. பழைய அவுட்லுக்கின் காட்சி அமைப்புகளில் நிபந்தனைக்கேற்ற வடிவமைப்பு என்ற பகுதிக்குள் போய், 'டூ' புலத்தில் இன்ன பெயர் இல்லை, 'சிசி' புலத்திலும் இல்லை என்று இரண்டு வரிகளைச் சேர்த்தால் அந்த மடல்கள் பட்டியலில் வேறு நிறத்தில் தெரியும். ஆனால் இந்த வழி முகவரியைப் பார்ப்பதில்லை, திரையில் தெரியும் பெயரைப் பார்க்கிறது. நம் நாட்டில் இதில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. மனிதவளப் பிரிவு அடையாள அட்டையில் உள்ளபடி உங்கள் பெயரை 'இன்னாரின் மகள்' என்ற பொருளில் 'அ/பெ' சேர்த்துத் தந்தை பெயரோடு பதிவு செய்திருக்கும். சப்ளையர் தன் முகவரிப் புத்தகத்தில் உங்களை வெறும் முதல் பெயரில் வைத்திருப்பார். இன்னொருவர் சாய்கோட்டை விட்டுவிட்டு எழுதியிருப்பார். முழுப் பெயரைத் தேடச் சொன்னால் நேரடியாக உங்களுக்கு வந்த மடல்கூட மறைநகல் போலத் தெரியும். அந்த வழியைத்தான் விரும்புகிறீர்கள் என்றால், எல்லா வடிவங்களிலும் பொதுவாக வரும் முதல் பெயரை மட்டும் கொடுங்கள். உங்கள் பிரிவில் அதே முதல் பெயரில் இன்னொருவர் இருந்தால் இந்த வழியையே விட்டுவிடுங்கள்.

அலுவலகப் பெட்டியில் தவறான குறி விழுவதற்கு முதற்காரணம் குழு முகவரிகள். கொள்முதல் பிரிவுக்கென்று ஒரு பொது முகவரி இருக்கும்; சப்ளையர்கள் விலைப்பட்டியலை அதற்குத்தான் அனுப்புவார்கள்; அது உங்கள் பெட்டிக்கு வந்து சேரும்போது 'டூ'வில் உங்கள் பெயர் இருக்காது. இதற்காக அந்தக் குழு முகவரியையும் விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 'இன்னாருக்கு அல்லது இன்ன பொதுக் குழுவுக்கு அனுப்பப்பட்டிருந்தால் தவிர' என்ற விலக்கு அதற்காகவே இருக்கிறது. தொழிற்சாலை முழுவதற்கும் போகும் சுற்றறிக்கை முகவரி, பாதுகாப்புக் குழு, போக்குவரத்து அறிவிப்பு என்று நீங்கள் உறுப்பினராக உள்ள எல்லாக் குழுக்களையும் இதில் போட்டுவிடுங்கள். வெளியிலிருந்து வரும் மடற்குழுக்களுக்கு வேறு அடையாளம் உண்டு: 2001-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2919-இன்படி அவை தலைப்பகுதியில் 'லிஸ்ட்-ஐடி' (List-ID) என்ற வரியைச் சேர்ப்பது வழக்கம். 'தலைப்பகுதியில் இன்ன சொற்கள் இருந்தால் தவிர' என்ற விலக்கில் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் அவற்றில் பெரும்பாலானவை ஒதுங்கிவிடும்.

அடுத்தது கூட்ட அழைப்பு. அவுட்லுக்கில் கட்டாயம் வர வேண்டியவர் 'டூ'வாகவும், விரும்பினால் வரலாம் என்பவர் 'சிசி'யாகவும், கூட்ட அறை போன்ற வளங்கள் பிசிசியாகவும் கையாளப்படுகின்றன. இதைத் தெரிந்தவர்கள் ஆட்களையே வளங்களுக்கான கட்டத்தில் போட்டு மறைவாக அழைப்பதுண்டு. அப்படி வந்த அழைப்பில் குறி விழுந்தால் அது பிழையல்ல, சரியான கண்டுபிடிப்புதான்.

இவ்வளவு விலக்குகளைச் சொன்ன பிறகு என் சொந்தக் கருத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது எல்லா மறைநகல்களையும் பிடிக்கும் வலை அல்ல. உங்களை இக்கட்டில் தள்ளக்கூடியவை உங்கள் மேலாளரும் அவரைப் போன்ற ஓரிருவரும் அனுப்பும் மடல்கள் மட்டும்தான். ஆகவே மேலே சொன்ன விதியோடு 'இன்னாரிடமிருந்து வந்தால்' என்ற நிபந்தனையைச் சேர்த்து மேலாளரின் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். அவர் உங்களுக்கு எழுதும் மடல் ஒன்று நேரடியாக உங்கள் பெயருக்கு வரும், அல்லது பிரிவின் குழு முகவரிக்கு வரும், அல்லது மறைநகலாக வரும். குழு முகவரியை விலக்கிவிட்டால் மீதம் நிற்பது ஏறத்தாழ முழுவதும் நீங்கள் தேடுவதுதான். இதற்கு அழுத்தமான சிவப்பைக் கொடுங்கள். உலகத்தார் எல்லாரும் அனுப்பும் மற்ற மடல்களுக்குப் பொதுவிதி ஒன்று வேண்டுமானால், அதைத் தனியாக எழுதி வெளிர் சாம்பல் நிறத்தைக் கொடுங்கள். இரண்டையும் ஒரே விதியில், ஒரே நிறத்தில் அடைத்தவர்கள் சில வாரங்களில் அந்த நிறத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவதைப் பல அலுவலகங்களில் கண்டிருக்கிறேன்.

விதியின் செயல் என்னவாக இருக்க வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். பொதுவிதி எக்காரணம் கொண்டும் மடலை வேறு கோப்புறைக்கு நகர்த்தக் கூடாது; ஊகம் தவறினால் அவசர மடல் ஒன்று யாரும் திறக்காத மூலையில் கிடக்கும். மேலாளருக்கான குறுகிய விதியில் நகர்த்துவதை ஏற்கலாம், அதற்கு ஒரு காரணமும் உண்டு. கணினியில் ஒட்டிய வண்ண வகை எல்லாக் கைப்பேசிச் செயலிகளிலும் தெரிவதில்லை. ஐபோனோடு வரும் மெயில் செயலி அதைக் காட்டாது. கொம்தார் பக்கம் மதிய உணவுக்குப் போன இடத்தில் கைப்பேசியிலிருந்து அவசரமாகப் பதில் போடுகிறவருக்கு, கணினியில் மட்டும் தெரியும் சிவப்பால் பயனில்லை. கோப்புறை என்றால் எந்தச் செயலியிலும் தெரியும். ஆனால் துணைக் கோப்புறைக்குப் போகும் மடலுக்குப் பல செயலிகளில் அறிவிப்பு ஒலி வராது என்பதால், அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நீங்கள் எங்கிருந்து அதிகம் பதில் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அவுட்லுக்கில் விதியைச் சேமித்த பிறகு, பட்டியலில் அதன் பெயரோடு 'கிளையன்ட்-ஒன்லி' என்ற குறிப்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் கணினியில் அவுட்லுக் திறந்திருக்கும்போது மட்டுமே விதி ஓடும். மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு வரும் மடல்களுக்குக் குறி விழாது. ஒலி எழுப்புவது, திரையில் அறிவிப்புக் காட்டுவது போன்ற செயல்களைச் சேர்த்தால் விதி இந்த வகைக்குப் போய்விடும். அவற்றை நீக்கிப் பாருங்கள். விதிகளின் வரிசையும் முக்கியம். மேலே உள்ள ஏதோ ஒரு விதியில் 'மேற்கொண்டு விதிகளைச் செயல்படுத்தாதே' என்ற கட்டம் டிக் செய்யப்பட்டிருந்தால், அதில் சிக்கிய மடல் உங்கள் புதிய விதியை எட்டவே எட்டாது. புதிய விதியை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றிவையுங்கள், அதில் அந்த டிக் வேண்டாம்.

ஜிமெயிலில் வழி வேறு. அங்கே முதலில் தேடிப் பார்த்து, விடை சரியாக இருந்தால் அந்தத் தேடலையே வடிகட்டியாக மாற்ற வேண்டும். தேடல் பெட்டியில் மூன்று துண்டுகளை ஆங்கில எழுத்தில், இடைவெளி விட்டு எழுதுங்கள்: 'டெலிவர்டுடூ' (deliveredto) என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் உங்கள் முழு முகவரியும், பிறகு கழித்தல் குறியை முன்னால் ஒட்டி 'டூ', முக்காற்புள்ளி, முகவரி, அதே போலக் கழித்தல் குறியோடு 'சிசி', முக்காற்புள்ளி, முகவரி. என் பெட்டியில் வந்து சேர்ந்தது, ஆனால் டூவிலும் சிசியிலும் நான் இல்லை என்பது இதன் பொருள். கழித்தல் குறிக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விழக் கூடாது. வரும் பட்டியலில் நீங்கள் ஏற்கெனவே அறிந்த மறைநகல் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயிலில் எழுதப்பட்டு வரும் மறைநகல்களில் பிசிசி வரி நிற்பதைக் காண முடியும் என்பதால், 'பிசிசி', முக்காற்புள்ளி, உங்கள் முகவரி என்றும் தனியாக ஒருமுறை தேடிப் பார்ப்பது பயன் தரும். இரண்டு தேடல்களும் வெவ்வேறு மடல்களைக் கொண்டுவந்தால் இரண்டுக்கும் தனித்தனி வடிகட்டி வைத்து ஒரே குறிச்சொல்லைக் கொடுத்துவிடலாம்.

வீட்டு ஜிமெயிலில் இந்த வடிகட்டி பிடிக்கும் மடல்களைப் பார்த்தால் சற்று வியப்பாக இருக்கும். அடுக்குமாடியின் நிர்வாகக் குழு பராமரிப்புக் கட்டணத்தை நினைவூட்டி அனுப்புவது, பிள்ளையின் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூட்டத்துக்கு அழைப்பது, கோவில் நிர்வாகம் தைப்பூசத்துக்குத் தொண்டர்களைத் திரட்டுவது என எல்லாம் அதில் வரும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு, விவரம் தெரிந்த செயலாளர்கள் நூறு பேரின் முகவரியை டூவில் பரப்பி வைப்பதில்லை. தங்கள் முகவரியையே டூவில் போட்டுவிட்டு மற்ற எல்லாரையும் பிசிசிக்குள் வைக்கிறார்கள். இவை உண்மையான மறைநகல்கள்தான், ஆனால் உங்களுக்கு அவற்றால் ஆபத்து ஒன்றுமில்லை. பதில் போட்டாலும் அது செயலாளருக்குத்தான் போகும். வடிகட்டியில் அத்தகைய அனுப்புநர்களைக் கழித்தல் குறியோடு 'ஃப்ரம்' சேர்த்து ஒதுக்கிவிடலாம்.

ஜிமெயில் வடிகட்டியை உருவாக்கும் கடைசிப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. குறிச்சொல் ஒட்டுவதையும், விரும்பினால் நட்சத்திரம் இடுவதையும் மட்டும் டிக் செய்யுங்கள். 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்ற கட்டத்தைத் தொடாதீர்கள். குப்பை மடல் அனுப்புகிறவர்களும் பெறுநர்களை மறைத்து ஒரே மடலைப் பலருக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கட்டத்தை டிக் செய்தால் அத்தனைக்கும் கதவைத் திறந்துவிட்டது போலாகும். குறிச்சொல் தனி மடலுக்கு உரியது என்றாலும், உரையாடல் காட்சியில் முழு உரையாடலின் மீதும் ஒட்டியது போலத் தெரியும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். தொடரில் எந்த மடல் மறைநகல் என்பதை உள்ளே திறந்துதான் பார்க்க வேண்டும். இவை தவிர, பொது அமைப்புகளில் தனிப்பட்ட நிலைக் குறியீடுகள் என்ற வசதி ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால், மடற்குழு வழியாக இல்லாமல் உங்கள் முகவரிக்கு வந்த மடலுக்கு ஒற்றை அம்பும், உங்களுக்கு மட்டுமே வந்ததற்கு இரட்டை அம்பும் தோன்றும். அது மறைநகலைக் காட்டும் கருவி அல்ல. ஆனாலும் அவசரத்தில் பதில் எழுதுகிறவரை ஒரு நொடி நிற்க வைக்கும்.

தண்டர்பேர்டு என்ற மடல் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வரி: மடல் வடிகட்டியில் உங்கள் முகவரியைக் கொடுத்து 'டூ கொண்டிருக்கவில்லை', 'சிசி கொண்டிருக்கவில்லை' என்று இரண்டு தனி நிபந்தனைகளை எழுதி, எல்லாம் பொருந்த வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்று விட்டால் ஏறக்குறைய எல்லா மடல்களும் மாட்டிக்கொள்ளும்.

குறி விழுந்த மடல் உண்மையிலேயே மறைநகல்தானா என்று ஐயம் வந்தால் தலைப்பகுதியைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் மூன்று புள்ளிகளுக்குள் 'அசலைக் காட்டு' என்பதில் அது இருக்கிறது. பழைய அவுட்லுக்கில் மடலைத் தனிச் சாளரத்தில் திறந்து, கோப்பு, பண்புகள் என்று போனால் கீழே ஒரு சிறிய பெட்டியில் வரும். அந்தக் குழப்பமான எழுத்துக் குவியலில் நீங்கள் தேட வேண்டியவை சிலவே. 'டெலிவர்டு-டூ', 'எக்ஸ்-ஒரிஜினல்-டூ', 'என்வலப்-டூ' ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், பெறும் சர்வர் உறையில் இருந்த முகவரியை உங்களுக்காக எழுதி வைத்திருக்கிறது என்று பொருள். சிபேனல் என்ற நிர்வாக மென்பொருள் உள்ள வாடகை சர்வர்களில் மின்னஞ்சல் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களின் மடல்களில் கடைசியாகச் சொன்னதைப் பார்க்கலாம். அதில் உங்கள் சொந்த முகவரி இருந்து, டூவிலும் சிசியிலும் அது இல்லாமல், 'லிஸ்ட்-ஐடி'யும் இல்லை என்றால் மறைநகல் என்ற ஊகம் வலுவானது. மாறாக, அங்கே குழு முகவரியோ நீங்கள் மறந்துபோன பழைய முகவரியோ இருந்தால் விஷயம் வேறு. 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளும் உதவலாம்: நம் ஊர்ச் சர்வர் என்றால் நேரத்துக்குப் பின் +0800 என்று முடியும் அந்த வரிகளில், சில சமயம் 'ஃபார்' என்ற சொல்லோடு பெறுநரின் முகவரி வரும். ஆனால் ஒரே பிரதி பலருக்குப் போகும்போது போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற சர்வர்கள் அந்த முகவரியை எழுதுவதில்லை. எழுதினால் மறைவாகச் சேர்க்கப்பட்டவர் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுவாரே. ஆகவே அது இல்லாததை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம்.

இந்த விதியால் செய்ய முடியாதவையும் உண்டு. உங்கள் பெயர் டூவில் இருந்து, பிசிசியிலும் தவறுதலாக இன்னொரு முறை சேர்க்கப்பட்டிருந்தால் விதிக்கு அது தெரியாது. நீங்கள் உறுப்பினராக உள்ள குழு டூவில் இருந்து, உங்களைத் தனியாகப் பிசிசியிலும் போட்டிருந்தால், குழுவை விலக்கிவைத்த காரணத்தால் அதுவும் நழுவும். உங்களோடு வேறு யார் யார் மறைவாகச் சேர்க்கப்பட்டார்கள் என்று உங்கள் பெட்டியை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க நினைக்க வேண்டாம். அனுப்பியவரின் 'அனுப்பியவை' கோப்புறையில் அது தெரியும், சர்வரின் பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரம் உள்ள ஐ.டி. நிர்வாகியால் பார்க்க முடியும், அவ்வளவுதான். இன்னொன்று: மறைநகல் என்றாலே மேலாளர் கைப்பட உங்களைச் சேர்த்தார் என்று எண்ணிவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் நிர்வாகி நிறுவன அளவில் ஒரு விதி எழுதி, குறிப்பிட்ட சப்ளையருக்குப் போகும் எல்லா மடல்களின் பிசிசியிலும் ஒருவரைத் தானாகச் சேர்க்க முடியும். அப்படி இருந்தால், நீங்கள் படிக்கிறீர்கள் என்பது அனுப்பியவருக்கே தெரியாமல் இருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்பதை ஐ.டி. பிரிவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விதியை நம்பத் தொடங்கும் முன் சோதித்துப் பாருங்கள். குறுகிய விதி மேலாளரின் முகவரியைப் பார்ப்பதால், சோதனை முடியும் வரை அந்த இடத்தில் உங்கள் ஜிமெயில் முகவரியைத் தற்காலிகமாக வையுங்கள். பிறகு ஜிமெயிலிலிருந்து அலுவலக முகவரிக்கு டூவில் ஒன்று, சிசியில் ஒன்று, உங்களையே டூவில் போட்டு அலுவலக முகவரியைப் பிசிசியில் வைத்து ஒன்று, பிரிவின் குழு முகவரிக்கு ஒன்று என அனுப்புங்கள். ஒவ்வொன்றின் பொருள் வரியிலும் அது எந்த வகை என்பதை எழுதிவிட்டால் குழம்பாது. குறி மூன்றாவதில் மட்டும் விழ வேண்டும். பிறகு அவுட்லுக்கை மூடிவிட்டு மூன்றாவது வகையை மீண்டும் ஒருமுறை அனுப்பி, கைப்பேசியில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

கடைசியாக, பதில் எழுதுவது பற்றி. மறைநகலாக வந்த மடலில் 'அனைவருக்கும் பதில்' அழுத்தினால், உங்கள் மடல் டூவிலும் சிசியிலும் உள்ள எல்லாருக்கும் போய்ச் சேரும், நீங்கள் உடனிருந்து படித்தது அம்பலமாகும். அவுட்லுக்கின் சில பதிப்புகள் இந்த இடத்தில் எச்சரிக்கை காட்டும், ஆனால் கைப்பேசியில் அதை நம்பியிருக்க முடியாது. கருத்துச் சொல்ல வேண்டியிருந்தால் மேலாளருக்குப் புதிய மடல் எழுதுவதே பாதுகாப்பானது. அதைவிடவும் நல்லது, பிசிசியை விட்டுவிட்டு, சப்ளையருக்கு எழுதிய மடலை 'அனுப்பியவை' கோப்புறையிலிருந்து உங்களுக்கு ஃபார்வர்டு செய்யும்படி மேலாளரிடம் கேட்டுப் பார்ப்பது. அப்போது நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பதில் அவருக்கு மட்டுமே போகும், இந்த விதியே தேவைப்படாது. அவருக்கு அதில் கூடுதலாக ஒரு சொடுக்கு வேலை இருக்கிறது என்பதால் ஒப்புக்கொள்வாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒப்புக்கொள்ளாவிட்டால் சிவப்பு நிற விதியை வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய முகவரியோ குழு முகவரியோ மாறும்போது விதிக்குள்ளும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.